நெல்லுக்கடைக்காரர் மகன் வெற்றிலை விற்றது ஏன்

கும்பகோணத்தில் இறங்கியபோது என் கைப்பையில் மூன்று காகிதங்களின் நகல் இருந்தது. அசல்கள் பினாங்கில், எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால், வாப்பாவின் கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. மூன்றும் பழைய தஸ்தாவேஜுகள். அந்தக் காலத்துப் பத்திரங்களில் ஆளை அடையாளம் சொல்ல ஒரு முறை உண்டு: இன்னார் மகன் இன்னார், ஜீவனம் இன்னது, இருப்பு இன்ன ஊர். முதல் காகிதத்தில் உமர், ஜீவனம் தோணி, அதிராம்பட்டினம். அடுத்ததில் உமர் மகன் சுலைமான், ஜீவனம் நெல் வியாபாரம், வலங்கைமான். மூன்றாவதில் சுலைமான் மகன் காசிம், ஜீவனம் வெற்றிலை வியாபாரம், கும்பகோணம். இந்தக் காசிமின் மகன் பினாங்குக்குக் கப்பலேறிப் போய் மளிகைக் கடைக்காரர் ஆனார். அவருடைய மகன் அப்துல் கரீம்தான் என் வாப்பா.

ஆக, நாலு தலைமுறைக்கு நாலு தொழில். அப்பன் தொழிலைப் பிள்ளை தொடவே இல்லை. எனக்கு இது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், வாப்பாவுக்கு மீசை முளைக்கிற வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் அது நடக்காமல் இருந்திருந்தால். தூரத்து உறவுக்காரர் ஒருவர் பிரியாணியைப் பிசைந்துகொண்டே வாப்பாவைப் பார்த்துக் கேட்டாராம்: "சொந்தத்துல நெல்லுக்கடை இருக்கறப்போ ஒருத்தன் வேற ஊர்ல போயி வெத்தலை விப்பானா? உன் பாட்டன் காசிமை வீட்டைவிட்டு விரட்டியிருக்காங்க. உங்களது ஓடுகாலிக் குடும்பம்." எதற்காக விரட்டினார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அது வாப்பாவிடம் அப்படி ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே வாப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: தன் மகன் கடையைவிட்டு ஓர் அடி நகரமாட்டான். என் தம்பி ஜமால் நகர்ந்தான். ஈப்போவில் பெண் கட்டி, மாமனாரின் டயர் கடையில் போய்ச் சேர்ந்துகொண்டான். "ஓடுகாலி ரத்தம். அவன் எனக்கு மகனே இல்லை" என்றார் வாப்பா. அதற்கப்புறம் பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாப்பாவுக்கு இப்போது எண்பத்து நாலு. இந்த வருடம் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிவிட்டார். மூன்றாவது முறை எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

காசிம் ஏன் வீட்டைவிட்டுப் போனார் என்று தெரியாமல் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். என் கணவர் தைப்பிங்காரர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், நிதானமான மனிதர். "நல்லது தெரிஞ்சா சரி, கெட்டது தெரிஞ்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். அதையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவேன் என்றேன்.

முதல் நாள் காலை இட்லிக்குக் கடப்பா வாங்கினேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த குழம்பு. சாம்பாருடனும் சேராது, குருமாவுடனும் சேராது. காபி பித்தளை டம்ளரில் வந்தது. எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக, கெட்டியாக, அடியில் சர்க்கரை படிந்து கிடக்கும். இது நுரையோடு வந்து விரலைச் சுட்டுவிட்டு இரண்டு மடக்கில் தீர்ந்துபோனது. இன்னொன்று கேட்டேன். பரிமாறியவர் எனக்குச் சுகர் இருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். பினாங்கில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே என்னவோ உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து வைத்தார்.

வெற்றிலைக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். தண்ணீர் தெளித்த இலையின் வாசனை, காலடியில் ஈரச் சாக்கு. எல்லோரிடமும் ஒரே கேள்வி: காசிம் என்று ஒருவர் இங்கே வெற்றிலை வியாபாரம் செய்தார், அவருடைய பிள்ளைகள், பேரன்கள் யாராவது இருக்கிறார்களா? பத்துக் கடை தாண்டி வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கடைக்காரர் கிடைத்தார். என் வயதுதான் இருக்கும். உட்கார வைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்டார். தன் வாப்பா வழியில் அப்படி ஒரு பெயர் கேள்விப்பட்டதில்லை என்றார். கடையே மாமனாருடையதாம், அவர் வந்து சேர்ந்தவராம். நான் நோட்டில் "இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு கவுளி, அதாவது நூறு இலை, அடுக்கினார். ஈர வாழைச் சருகில் சுற்றி, நீலத் துணிக் கிழிசலால் கட்டி, தெருமுனையில் நின்ற பஸ் கண்டக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "வலங்கைமான்" என்றார். கண்டக்டர் தலையாட்டினார். வியாபாரமா என்று கேட்டேன். இல்லை, தை மாதம் வந்தால் ஒரு வீட்டுக்கு அனுப்புவது வழக்கம், வீட்டில் ஞாபகப்படுத்துவார்கள், அனுப்பிவிடுவேன் என்றார். அந்த முடிச்சு அழகாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் வலங்கைமானுக்கு நகரப் பேருந்து. அறுவடைக் காலம். பாதிச் சாலையில் நெல்லைக் காயவைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் ஒன்று எதிரே வந்து, நகரவும் முடியாமல் ஒதுங்கவும் முடியாமல் நின்றது. எங்கள் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். பினாங்கில் ஐந்து நிமிடம் பஸ் நின்றால் ஆளாளுக்கு போனை எடுத்துப் புகார் சொல்வார்கள். இங்கே பின்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் இறங்கிப் போய்க் காய்ந்த நெல்லைக் கையில் அள்ளி, பல்லில் கடித்து, ஈரம் இன்னும் போகவில்லை என்று சொந்தக்காரருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

வலங்கைமானில் "சுலைமான் நெல்லுக்கடை" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைத்தெருவில் ஒரேயொரு நெல்லுக்கடையில்தான் தொப்பி போட்டவர் உட்கார்ந்திருந்தார், அவரிடம் போனேன். பேச்சில் ரொம்ப மரியாதை. "நான் முத்துப்பேட்டைக்காரங்க. சுலைமான்னு எங்க குடும்பத்துல யாரும் இல்ல. நீங்க பள்ளிவாசல்ல கேட்டுப் பாருங்க" என்றார். எதிர்த்த டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து பள்ளிவாசலுக்குப் போனேன்.

பள்ளிவாசல் அலுவலகத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய பழைய ஜமாஅத் ஏட்டை எடுத்தார். ஓரம் எல்லாம் பூச்சி அரித்திருந்தது. அரை மணி நேரம் தேடிய பிறகு சுலைமானின் பெயர் கிடைத்தது. பெயருக்குக் கீழே ஒரு வரி: "மகன் காசிம். ஊரில் இல்லை." அவ்வளவுதான், வேறு ஒரு சொல் கிடையாது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை. பந்தியில் பேசிய அந்த ஆள் சொன்னது சரிதானோ? ஊரில் இல்லை என்றால் ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? வாப்பாவிடம் இதையா கொண்டுபோய்ச் சொல்வது? இரவு கணவருக்கு போன் செய்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததே எனக்கு வீம்பைக் கிளப்பியது. தோணிக்காரரின் ஊர் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன்.

மூன்றாம் நாள் பட்டுக்கோட்டையைத் தாண்டி அதிராம்பட்டினம் போகும் வழியில் பஸ்ஸின் பின்சக்கரம் பஞ்சரானது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சவுக்கு மர நிழலில் நின்று, டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கி போட்டு டயரைக் கழற்றுவதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. ஜமாலாக இருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பான். ஈப்போவில் அவன் கடைக்கு ஒருமுறை வாப்பாவுக்குத் தெரியாமல் போயிருக்கிறேன். கையெல்லாம் கரி. சந்தோஷமாக இருந்தான். கிளம்பும்போது "வாப்பா என்னைக் கேட்டாங்களா?" என்று கேட்டான். கேட்டார் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் மைமூன், அதிராம்பட்டினத்துப் பெண், நாற்பது தாண்டியவர். பட்டுக்கோட்டைக்குப் போய்க் குளியலறை ஓடு பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நான் பினாங்கு என்று தெரிந்ததும் ராத்தா, அதாவது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். டயர் மாற்றி ஊர் போய்ச் சேர்ந்ததும் என் கையைப் பிடித்து வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார். இறால் வாடா சுட்டுக் கொடுத்தார். அரிசி மாவுக்குள் இறாலும் தேங்காயும் வெங்காயமும் வைத்துப் பொரிப்பது. எங்கள் ஊரில் எண்ணெய்ப் பலகாரம் எத்தனையோ உண்டு, இந்த ஒன்றுக்கு ஈடாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அந்த வீட்டை ஒட்டி இன்னொரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் ஈரம் காயவில்லை. ஓடு அதற்குத்தான். யாருக்கு என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு என்றார். மகன் இல்லையா என்றேன். இரண்டு மகன்கள், இரண்டு பேரும் அவளுக்கு மூத்தவர்கள்.

"அப்போ அவங்களுக்கு வீடு?"

"அவனுங்களுக்கு எதுக்கு ராத்தா வீடு? போற எடத்துல பொண்ணு வீடு இருக்கும்ல."

அவர் இதைச் சொன்ன விதத்தில் ஒரு விசேஷமும் இல்லை. நான்தான் வாடாவைக் கீழே வைத்துவிட்டு மேலும் மேலும் கேட்டேன். கடற்கரைப் பக்கத்துப் பழக்கமாம் அது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். மைமூனின் கணவர் துபாயில் இருக்கிறார். லீவுக்கு வந்தால் இறங்குவது மைமூனின் உம்மா கொடுத்த இந்த வீட்டில்தான். வீட்டோடு ஒரு கடையோ தொழிலோ இருந்தால்? அதுவும் பெண்ணோடு போகும், வந்த மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்றார். அந்தக் காலத்தில் நெல் பார்க்கிற ஊர், வெற்றிலை பார்க்கிற ஊர் என்று உள்நாட்டில் போய்க் குடியேறியவர்களில் சில வீட்டார் இந்தப் பழக்கத்தை விடவில்லையாம்.

உமரைப் பற்றி அந்த ஊரில் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. மூன்று காகிதத்தையும் மைமூனின் சமையற்கட்டுத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். நான் மூன்று நாளாகப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு தொழிலைத் தேடியிருக்கிறேன். தொழில் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. பிள்ளைதான் வேறு வீட்டுக்குப் போயிருக்கிறான். உமரின் தோணி அவர் மகளோடு போயிருக்கும். மகன் சுலைமான் வலங்கைமானில் நெல்லுக்கடை உள்ள வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போயிருப்பார். அவர் மகன் காசிம் வெற்றிலைக்கடை உள்ள வீட்டுக்கு. மூன்று காகிதத்திலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாததால் நானும் அவர்களைத் தேடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தைப்பிங்கிலிருந்து வந்து எங்கள் கடையில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் யார்? ஈப்போ மாமனாரின் டயர் கடையில் இருக்கும் என் தம்பி யார்? வாப்பா ஒருவரைக் கொண்டாடுகிறார், மற்றவரை மகனே இல்லை என்கிறார். இரண்டும் ஒரே காரியம்தான். ஆனால் இதெல்லாம் என் ஊகம். "இருந்திருக்கும், போயிருப்பார்" என்று போய்ச் சொன்னால் வாப்பா காதில் ஏறாது. அவருக்கு "ஊரில் இல்லை" என்ற இரண்டு சொல்லுக்கும் பதில் வேண்டும்.

நாலாம் நாள் மறுபடி வலங்கைமான். அதே நெல்லுக்கடை, அதே முத்துப்பேட்டைக்காரர். என்னைப் பார்த்ததும் இந்த அம்மா விடமாட்டார் போலிருக்கிறதே என்று முகத்தில் தெரிந்தது. இந்த முறை கேள்வியை மாற்றினேன்.

"இந்தக் கடை யாருடையது?"

"எங்க வீட்ல உள்ளவங்களோடது" என்றார் அவர், மனைவியைத்தான் அப்படிச் சொன்னார்.

இதை முந்தாநாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். முந்தாநாள் நான் கேட்கவில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி பாத்திமுத்து, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கையில் முறத்தோடு வந்தார். உங்கள் உம்மா யார், அவருக்கு உம்மா யார் என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. தன் உம்மா, உம்மாவின் உம்மா, அவருக்கு உம்மா செய்யதம்மா என்று மூன்று படி இறங்கினார். செய்யதம்மாவின் வாப்பா அதிராம்பட்டினத்திலிருந்து வந்த மாப்பிள்ளையாம், தோணிக்கார வீட்டுப் பிள்ளை. செய்யதம்மாவுக்கு ஒரே அண்ணன். கும்பகோணத்து வெற்றிலைக்கார வீட்டில் பெண் கட்டிப் போய்விட்டார்.

"அண்ணன் பேரு?"

"காசிம்."

நான் காகிதத்தை நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். வரும்போது நீங்க என்று சொன்னவர், அதற்கப்புறம் மச்சி, அதாவது மைத்துனி என்றுதான் கூப்பிட்டார். அண்ணன் வழியும் தங்கை வழியும் இறங்கி வந்து எங்கள் இருவருக்கும் அந்த முறைதான் வருகிறது. கணக்குப் போட அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பேச்சோடு பேச்சாக வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார். மூலையில் ஈரச் சாக்குக்குள்ளிருந்து ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். வாழைச் சருகு, அதற்கு மேலே நீலத் துணிக் கிழிசல். இது எப்போது வந்தது என்று கேட்டேன். மூன்று நாளைக்கு முன்னால் கும்பகோணம் பஸ்ஸில் வந்தது, வருடா வருடம் தை மாதம் வரும் என்றார். அந்த வெள்ளைத் தொப்பிக்காரரின் மனைவி காசிமின் மகள் வழியில் வந்த பெண்ணாம். அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு "இல்லை" என்று அடிக்கோடு போட்டவள் நான்.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கல்யாணப் பந்தி, விரட்டினார்கள் என்ற பேச்சு, ஏட்டில் இருந்த வரி, ஜமால், வாப்பா எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாத்திமுத்து ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"வெரட்டிவிட்டவரு தங்கச்சி வீட்டுக்குக் கொழுந்து வெத்தலை அனுப்புவாரா மச்சி? அவரு அனுப்புனா இவங்க புது அரிசி அனுப்புவாங்க. அவரும் மவுத்தா போயிட்டாரு, செய்யதம்மாவும் போயிட்டாங்க. நாங்க யாரும் நிறுத்தல. போன ஆம்பளைக்கு வீடு மறக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான் இது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். காசிமின் மகன் பினாங்குக்குப் போன புதிதில் அவருக்கும் ஒரு பங்கு அரிசி கப்பலில் போய்க்கொண்டிருந்ததாம். ஒரு கட்டத்தில் கப்பல் நின்றது, விலாசமும் தொலைந்தது. பாத்திமுத்துவின் உம்மா கடைசிவரை ஒவ்வொரு தை மாதமும் "ஒரு வீடு விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். அந்த விட்டுப்போன வீடு நாங்கள்தான்.

ஏட்டு வரிக்கும் அவரிடம் பதில் இருந்தது. கல்யாணமாகிப் பெண் வீட்டுக்குப் போன எல்லோர் பெயருக்கு நேரேயும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். நான் நம்பினேன், ஆனாலும் நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். அலுவலகத்துக்காரர் ஏன் என்று கேட்காமல் ஏட்டைத் திறந்து தந்தார். அதே பக்கத்தில் எண்ணினேன். காசிமைச் சேர்த்து ஒன்பது பேர் ஊரில் இல்லை. அடுத்த பக்கத்தில் ஏழு பேர். ஒரு ஊர் இத்தனை பேரையும் விரட்டியிருக்க முடியாது. முதல் தடவை நான் எங்கள் வரியை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடியிருக்கிறேன். அனுமதி கேட்டு இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பாத்திமுத்து ஒரு பை நிறையப் புது அரிசியோடு காத்திருந்தார். பச்சை அரிசியை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். இப்படிச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் அந்த அரிசியை அங்கேயே களைந்து, உலர்த்தி, மில்லில் அரைத்து, வறுத்து இடியாப்ப மாவாக்கிவிட்டார். மறுநாள் மதியம்வரை அதற்காக ஆனது. அவர் கணவர் கடையைப் பூட்டிவிட்டு மில்லுக்கு அலைந்தார். மாவு சூடாக இருக்கும்போதே கட்டினால் கெட்டுவிடும் என்று விசிறியால் ஆற்றி, மூன்று உறை போட்டுக் கொடுத்தார். என்னை பஸ் ஏற்றும்போது, "பினாங்கு வீட்டுக்குச் சேந்துச்சுன்னு போன் பண்ணு மச்சி" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள் கும்பகோணத்தில் வெள்ளைத் தொப்பிக்காரர் கடையில் மறுபடி ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே" என்றார். நான் என் நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே அந்த "இல்லை"யை அடித்தேன்.

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மாவுப் பையைத் திறந்து, மோந்து பார்த்து, இது என்ன என்றார். இடியாப்பத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரில், புட்டு மாயாம் மாவு என்று மலாயில் சொன்னேன். இங்கேயே எல்லாக் கடையிலும் கிடைக்குமே, இதற்காகவா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டார். ஆமாம், இதற்காகத்தான் போனேன் என்றேன்.

வாப்பா கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்த நேரம், கடையில் ஆள் இல்லை. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஏட்டின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண் மங்கிவிட்டதால் ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொன்னார். ஒன்பது பேரையும் வாசித்தேன், அடுத்த பக்கத்து ஏழு பேரையும்.

"யாரும் அவரை வெரட்டலையா புள்ள?"

"வெரட்டல வாப்பா. கல்யாணம் பண்ணிப் போனாரு. எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான் போயிருக்காங்க."

கடையில் என் கணவர் ஒரு சர்க்கரை மூட்டையைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். வாப்பா அவரையே வெகுநேரம் பார்த்தார். ஜமாலைப் பற்றிச் சொல்ல ஒரு பெரிய பேச்சைக் கடல் தாண்டி வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அதை ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது, அவர் மாவுப் பையைக் கொண்டுவரச் சொன்னார்.

கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கடையிலிருந்து கரண்டியும் இரண்டு பையும் கேட்டார். அறுபது வருடம் மளிகை நிறுத்த கை, தராசு வேண்டியிருக்கவில்லை. மாவைச் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு பையையும் தானே முடிச்சுப் போட்டார். ஈப்போ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். அந்த டயர் கடைக்கு என்ன பெயர் என்று கேட்டார். பதினோரு வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் சொன்னேன்.

மூட்டைகளில் எழுதும் தடித்த பேனாவை வாங்கி, ஒரு பையை மடியில் வைத்து, கண் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினார்: அப்துல் கரீம் மகன் ஜமால், ஜீவனம் டயர், ஈப்போ. எழுதி முடித்து ஒருமுறை விரல் வைத்து வாசித்துப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லி என்னிடம் நீட்டினார். எனக்குத்தான் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.